ஹிண்ட்மன் பள்ளியும் ஜீன் ரிட்சியின் பாட்டும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கிழக்கு மலைகளில், ட்ரபிள்சம் ஓடைக்கரையில் 1902-ஆம் ஆண்டு எழுந்தது ஹிண்ட்மன் செட்டில்மென்ட் பள்ளி. அதை நிறுவிய கேத்தரின் பெட்டிட், மே ஸ்டோன் இருவரும் மலைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்பித்தார்கள். அப்பிள்ளைகளின் வீட்டுப் பாட்டையும் கல்வியாகவே மதித்தார்கள். பெட்டிட் திரட்டிய கதைப்பாடல்கள் 1907-இல் அச்சேறின.

1917-இல் இங்கிலாந்தின் செசில் ஷார்ப் அப்பலாச்சிய மலைகளில் பாட்டுத் தேடிவந்தபோது இப்பள்ளிக்கும் வந்தார். ரிட்சி குடும்பத்துப் பெண்கள் பாடிய 'நாட்டமன் டவுன்' பாட்டை இங்கேதான் எழுதிக்கொண்டார். பாப் டிலன் 1963-இல் வெளியிட்ட 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' அந்தப் பழைய மெட்டில் அமைந்ததே.

அக்குடும்பத்தின் பதினான்காவது குழந்தை ஜீன், 1922 டிசம்பர் 8 அன்று வைப்பர் என்ற ஊரில் பிறந்தார். மடியில் கிடத்தி மீட்டும் டல்சிமரை அப்பா பேலிஸ் பிள்ளைகள் தொடவிடமாட்டார். அவர் வீட்டில் இல்லாத வேளைகளில் சிறுமி ஜீன் அதை எடுத்துத் தானே பழகினார். பின்னாளில் அந்தக் கருவியை அமெரிக்கா முழுவதும் அறியச் செய்தவரும் அவரே.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்து 1946-இல் பட்டம் பெற்ற ஜீன், நியூயார்க்கின் ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்டில் பணியில் சேர்ந்தார். நகரத்துக் குழந்தைகளுக்கு மலைப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவர் குரலைப் பதிவுசெய்தார். எலெக்ட்ரா நிறுவனம் 1952-இல் அவரது இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, தம் வீட்டுப் பாட்டுகளின் வேரைத் தேடிப் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போனார். குடும்பத்தின் கதையை 1955-இல் நூலாக எழுதினார்.

மரபைக் காத்ததோடு அவர் நின்றிருந்தால் நல்ல பாடகியாக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார். நிலக்கரிக்காக மலையின் மேல்மண்ணை வெட்டிச் சரித்தபோது ஓடைகள் கறுத்தன; அந்தத் துயரை 'பிளாக் வாட்டர்ஸ்' என்று பாட்டாக்கினார். சுரங்கம் மூடி ரயிலும் நிற்காமல் போன ஊரைப் பற்றிய பாட்டைத் தாத்தாவின் பெயரைத் தழுவி 'தேன் ஹால்' என்ற புனைபெயரில் எழுதினார். பாடகர் ஜானி கேஷும் அதைப் பாடினார். பாட்டிகள் பாடிய மெட்டு மரபிலிருந்தே இப்புதிய பாட்டுகள் பிறந்தன.

2002-இல் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்ற ஜீன், 2015 ஜூன் 1 அன்று பெரியா நகரில் காலமானார். 2022 ஜூலை வெள்ளம், அவர் குடும்பத்துப் பாட்டு ஏடேறிய ஹிண்ட்மன் பள்ளியின் ஆவணங்களையும் இசைக்கருவிகளையும் சேதப்படுத்தியது. மீட்டெடுக்க வேண்டிய செல்வம்தான் அது. ஆனால் ஏடுகள் காப்பது நேற்றைய பாட்டை. இன்றைய துயரை அதே மரபில் பாட ஒருவர் முன்வரும்போதுதான் மரபு வாழ்கிறது. ஜீன் ரிட்சி அப்படி முன்வந்தவர்.