டர்போவா ஹைப்ரிட்டா: ஒரு நூறு வருஷப் பங்காளிச் சண்டை

டாலஸ்ல இருக்கிற சீனியர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "டேய், 2017 மாடல் லெக்சஸ் என்எக்ஸ் ரெண்டு பழைய வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 200டி, இன்னொண்ணு 300எச். எதை எடுக்கட்டும்?"

"டர்போ அண்ணா, கண்ணை மூடிட்டு எடுங்க"ன்னு சொல்லி வச்சிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. அடுத்தவர் காசாச்சே! உக்காந்து படிச்சதுதான் இந்தப் பதிவு.

ரெண்டுமே நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்லை. இதுல மூத்தது ஹைப்ரிட். 1900-ல ஃபெர்டினாண்ட் போர்ஷே வியன்னாவின் லோனர் கம்பெனியில ஒரு வண்டி செஞ்சார். பெட்ரோல் இன்ஜின் சக்கரத்தைச் சுத்தாது, டைனமோவைச் சுத்தும். அந்த மின்சாரம் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற மோட்டாருக்குப் போகும். அருமையான யோசனைதான். ஆனா எடையும் விலையும் ஜாஸ்தி. அப்படியே படுத்துடுச்சு.

1905-ல ஆல்ஃபிரட் பூஷி என்கிற சுவிஸ் இன்ஜினியர் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். சைலன்சர் வழியா வீணாப் போற புகையை வச்சு ஒரு காத்தாடியைச் சுத்தி, அது மூலமா இன்ஜினுக்குள்ள அதிகக் காத்தைத் திணிக்கிற வித்தை. சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலை செய்யும்.

அது காருக்கு வர 1962 ஆச்சு. அந்த வருஷம் அமெரிக்காவில வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்ல இன்ஜின் தட்டாம இருக்க, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை ஓனரே ஊத்தணும். பெட்ரோல் போடவே மறக்கிற ஆளுங்க இதை எங்க ஞாபகம் வச்சிருப்பாங்க? 1963-லயே கடையைக் கட்டிட்டாங்க. 1973-ல பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்தது, கூடவே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. மொத்தமே 1,672 வண்டிதான். நம்பி வாங்கற மாதிரி டர்போ ஆனது 1977-ல சாப் 99 டர்போவைக் காட்டின பிறகுதான்.

தூங்கிட்டிருந்த ஹைப்ரிட்டை 1997 டிசம்பர்ல டொயோட்டா பிரியஸ் எழுப்பிச்சு. 2005-ல லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் அதை சொகுசு எஸ்யூவிக்குக் கொண்டு வந்தது. கடைசியா 2014-ல லெக்சஸ் என்எக்ஸ். பங்காளிங்க ரெண்டு பேரும் ஒரே ஷோரூம்ல, ஒரே பாடிக்குள்ள.

200டி-ல 2.0 லிட்டர் டர்போ, 235 குதிரைச் சக்தி. 300எச்-ல 2.5 லிட்டர் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்தே 194தான். ஓட்டுற சுகத்துல டர்போ ஜெயிச்சாச்சு. இனி மைலேஜ். அமெரிக்க அரசுக் கணக்கை (முன்சக்கர வண்டிக்கு) நம்ம கணக்குக்கு மாத்தினா: ஹைவேல டர்போ லிட்டருக்கு சுமார் 12 கி.மீ., ஹைப்ரிட் 13. பெரிய வித்தியாசமில்லை. ஊருக்குள்ள? டர்போ 9 சொச்சம், ஹைப்ரிட் கிட்டத்தட்ட 15!

ஏன் இப்படி? ரெண்டுமே வீணாப் போறதைப் பொறுக்கற ஆளுங்க. டர்போ புகையில பொறுக்கும். ஹைப்ரிட் பிரேக்குல பொறுக்கும். ஹைவேல பிரேக்கே போடாதப்போ ஹைப்ரிட்டுக்குப் பொறுக்க என்ன இருக்கு? சிக்னலுக்கு சிக்னல் நிக்கிற ஊர்லதான் அதுக்கு அறுவடை.

காசுக் கணக்கு: வருஷம் 12,000 மைல் ஓட்டினா ஹைப்ரிட்ல சுமார் 116 கேலன் மிச்சம். கேலன் 3 டாலர்னு வச்சா 350 டாலர் கிட்ட. டர்போவுக்கு பிரீமியம் பெட்ரோல், ஹைப்ரிட்டுக்கு சாதாவே போதும் என்பதால இன்னும் கொஞ்சம் கூடும். புதுசா வாங்கறப்போ ஹைப்ரிட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் அதிகம், அந்தக் காசு திரும்பி வர பல வருஷம் ஆகும். ஆனா பழைய வண்டியில அந்த அதிகத்தைப் பெரும்பாலும் முதல் ஓனரே கட்டிட்டுப் போயிருப்பார் :-)

ஒரே பயம் பேட்டரி. 2017 மாடலுக்கு ஹைப்ரிட் பாகங்களுக்கான வாரண்டி அங்கே 8 வருஷம் அல்லது 1 லட்சம் மைல்தான். அதாவது முடிஞ்சாச்சு.

மறுநாள் நானே போன் போட்டேன். "அண்ணா, நேத்து சொன்னதை மறந்துடுங்க. ஆபீசுக்கு எப்படிப் போறீங்க?"

"எங்கடா போறது, ஊர்ந்துதான். 40 நிமிஷம்."

"அப்போ 300எச். ஆனா பேட்டரியை செக் பண்ணாம அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. அது தேறலைன்னா டர்போவே எடுங்க."

கொசுறு: 2018 மாடல்ல இருந்து 200டி-யோட பேரை என்எக்ஸ் 300-னு மாத்திட்டாங்க. வெறும் 300 டர்போ, 300எச் ஹைப்ரிட். விளம்பரத்துல ஒரு எழுத்து விட்டுப் போனா வண்டியே மாறிடும், ஜாக்கிரதை. இன்னொண்ணு: 2022-ல வந்த லெக்சஸ் ஆர்எக்ஸ் 500எச்-ல டர்போ, மோட்டார் ரெண்டும் ஒண்ணாவே இருக்கு. பங்காளிங்க ராசியாயிட்டாங்க!