கூடும் உரிமை யாருடையது? தமிழ்நாட்டில் திபெத் ஆதரவின் வரலாறும் சென்னீர்குப்பத்தில் நடக்க வேண்டிய கூட்டமும்

திபெத்துக்காகத் தமிழ்நாட்டில் எழுந்த குரல்களைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டங்கள் தெரிகின்றன. 1959-ஐ ஒட்டிய முதல் கட்டத்தில் தலைவர்கள் பேசினார்கள். அண்மைக் காலத்தைச் சேர்ந்த இரண்டாம் கட்டத்தில், சென்னையில் படிக்க வந்த திபெத்திய மாணவர்களே தெருவில் இறங்கிக் கைதானார்கள். நடுவில் வர வேண்டிய ஒரு கட்டம் வரவே இல்லை. உள்ளூர் மக்கள், தங்கள் தெருவில், தங்கள் பெயரில் அனுமதி கேட்டு, தாங்களே கூட்டிய கூட்டம் என்று எடுத்துச் சொல்ல இங்கே வலுவான மரபு ஒன்றும் உருவாகவில்லை. இந்திய அரசமைப்புச் சட்டம் மிகத் தெளிவாகப் பாதுகாப்பது அந்த விடுபட்ட கட்டத்தைத்தான் என்பதும், பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பம் போன்ற புறநகர் அதற்கு ஏற்ற இடம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் கட்டத்தைப் புரிந்துகொள்ளச் சென்னீர்குப்பத்திலிருந்து சற்று வடக்கே உள்ள ஆவடியில் தொடங்கலாம். 1955 ஜனவரியில் அங்கே நடந்த காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்துக்காகவே நினைவில் நிற்கிறது. அது கூடிய காலமும் கவனிக்கத்தக்கது. முந்திய ஆண்டு ஏப்ரல் 29 அன்றுதான் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீல உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. திபெத்தைச் ‘சீனாவின் திபெத் பகுதி’ என்று இந்தியா எழுத்தில் ஏற்றது அந்த உடன்படிக்கையில்தான். ஆவடிக்குப் பின் மூன்று மாதத்தில் பாண்டுங் மாநாடு. சீன நட்பு தேசிய உற்சாகமாக இருந்த அந்நாளில், 1950 அக்டோபரில் கிழக்குத் திபெத்தின் சாம்டோ சீனப் படையிடம் வீழ்ந்ததையும், 1951 மே மாதம் சீன ஆட்சியைத் திபெத் ஏற்கும் பதினேழு அம்ச ஒப்பந்தம் நெருக்கடியில் கையெழுத்தானதையும் கேள்விக்குள்ளாக்கப் பெரிய கட்சிகளுக்கு மனமில்லை.

1959 மார்ச் 10 அந்த அமைதியைக் கலைத்தது. லாசாவில் மக்கள் நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் தலாய் லாமா வெளியேறி, மார்ச் 31 அன்று இந்திய மண்ணில் கால் வைத்தார். மே மாத இறுதியில் ஜெயப்பிரகாஷ் நாராயண் கல்கத்தாவில் அகில இந்திய திபெத் மாநாட்டைக் கூட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் டெல்லியில் ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் பிரதிநிதிகள் திபெத்துக்காகக் கூடினார்கள். தமிழ்நாட்டில் இக்குரலை எடுத்தவர் ராஜாஜி. 1959 ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சியின் தொடக்கத்தை அறிவித்த அவர், சீன ஆட்சியைக் காலனியாதிக்கம் என்றே கண்டித்து எழுதினார். அவர் எழுத்தில் இருந்த தெளிவு இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் குரல் அவர் எழுதிய ஆங்கில வார இதழின் வாசகர்களையும் சுதந்திராக் கட்சியின் வட்டத்தையும் தாண்டித் தெருமுனைக்கு வரவில்லை. தொழிற்சங்க மேடைகளை வைத்திருந்த கம்யூனிஸ்டுக் கட்சி லாசா எழுச்சியை நிலப்பிரபுக்களின் கலகம் என்று பார்த்தது. தெருமுனை மேடையைத் தன் கலையாகவே வளர்த்திருந்த தி.மு.க.வுக்கு அப்போது வேறு போராட்டங்கள் இருந்தன. 1962-ல் சீனப் போர் வந்ததும், அக்கட்சி திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1963-ல் பதினாறாம் திருத்தம் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் அரசமைப்பின் 19-ஆம் பிரிவுக்குள் வரம்பாகக் கொண்டுவந்தது. அதன்பின் சீனா என்றால் எல்லைப் போர் என்றாயிற்று. திபெத்தியரின் உரிமை என்ற கேள்வி தேசப்பற்று முழக்கத்தின் அடியில் புதைந்துபோனது.

மற்றொரு காரணம் நிலம் சார்ந்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்து மைசூர் மாநிலம் பைலகுப்பேயிலும், பின்னர் முண்டுகோடு, கொள்ளேகால் பகுதிகளிலும் திபெத்தியருக்கு நிலம் கொடுத்தது. அங்கே அவர்கள் மக்காச்சோளம் விதைத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், உள்ளூர்ச் சந்தையில் வாங்கி விற்றார்கள். அண்டை ஊரார் நண்பர்களானதால் ஆதரவுச் சங்கங்களும் இயல்பாகக் காலூன்றின. தமிழ்நாட்டில் திபெத்தியக் குடியிருப்பு ஒன்றுகூட அமையவில்லை. இதைப் புறக்கணிப்பு என்று சொல்வது நியாயமாகாது. அதே பத்தாண்டில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களையும், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களையும் இம்மாநிலம் ஏற்க வேண்டியிருந்தது. இருந்தாலும் விளைவு ஒன்றுதான். ஊட்டியில் கம்பளிக் கடை வைத்திருப்பவராகவும், சென்னைக் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவராகவும் மட்டுமே சராசரித் தமிழர் திபெத்தியரை அறிந்தார்.

இந்த விலகலின் விலை 2019 அக்டோபரில் தெரிந்தது. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அதற்குச் சில நாள் முன்னரே, சென்னை லயோலா கல்லூரியில் படித்த கவிஞரும் செயல்பாட்டாளருமான டென்சின் சுண்டு விழுப்புரம் மாவட்டத்தில் கைது செய்யப்பட்டார். தாம்பரம் பக்கம் தங்கியிருந்த திபெத்திய மாணவர்கள் பிடிக்கப்பட்டு, முன்னெச்சரிக்கை நடவடிக்கை என்ற பெயரில் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சந்திப்பு நாளன்று, கிண்டியில் சீன அதிபர் தங்கவிருந்த விடுதிக்கு வெளியே கொடியுடன் முழக்கமிட்ட சில இளைஞர்களைக் காவலர்கள் இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். அதற்கு முந்திய நாள் சென்னைப் பள்ளி ஒன்றில் சுமார் 2,000 மாணவர்கள் ஷி ஜின்பிங் முகமூடி அணிந்து, மைதானத்தில் அவர் பெயர் வடிவில் அமர்ந்திருந்தார்கள். இரண்டு செய்திகளும் அடுத்தடுத்த நாள்களில் வந்தன. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே சந்திப்பை வரவேற்றன. கைதான மாணவர்களுக்காக எந்தப் பேட்டையிலும் பெரிய கூட்டம் கூடவில்லை.

இங்கே சட்டத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தரும் 19(1)(ஆ) குடிமக்களுக்கு மட்டுமே உரியது. பேச்சுரிமையும் அப்படியே. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-ஆம் பிரிவும், உயிர் வாழ்வையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவும் குடியுரிமை பாராமல் எல்லோருக்கும் கிடைக்கும். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்தியாவில் பிறந்த திபெத்தியர் பிறப்பாலேயே குடிமக்கள் என்று 2010-ல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் கல்லூரி மாணவர்களின் வயது அந்த வரம்புக்குள் வராது. அவர்கள் கையில் இருப்பது அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய பதிவுச் சான்றிதழ். ஒரு முழக்கத்துக்காகப் படிப்பையும் தங்கும் அனுமதியையும் பணயம் வைக்கிறார்கள். அதே முழக்கத்தை எழுப்பும் சென்னீர்குப்பம்வாசி அரசமைப்பின் நேரடிப் பாதுகாப்பில் நிற்கிறார். திபெத் ஆதரவுக் கூட்டத்தை இதுவரை உரிமை குறைந்தவர்களின் தோளில் ஏற்றிவிட்டு, உரிமை உள்ளவர்கள் ஒதுங்கி நின்றிருக்கிறோம் என்பதுதான் இந்த வரலாறு காட்டும் குறை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வெளியுறவு சார்ந்தது. திபெத் தன்னாட்சிப் பகுதி சீன நிலப்பரப்பின் அங்கம் என்று 2003-ல் வாஜ்பாய் அரசு ஏற்றுக்கொண்டது, அரசின் நிலைக்கு எதிராகக் குடிமக்கள் கூடலாமா என்று கேட்பார்கள். சட்டத்தின் வாசகமே இதற்குப் பதில் தருகிறது. பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கும் 19(2)-ல் அயல்நாடுகளுடன் நட்புறவு என்ற காரணம் இருக்கிறது. கூடும் உரிமைக்கு வரம்பு விதிக்கும் 19(3)-ல் அது கிடையாது. இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பொது ஒழுங்கும் மட்டுமே அங்கே உள்ளன. மேடையில் பேசும் சொல்லுக்கு 19(2) பொருந்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வரம்பும் ஒரு சட்டத்தின் வழியாக, நியாயமான அளவில்தான் விதிக்கப்பட முடியும். பொது இடத்தில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக மறுக்க முடியாது என்பதை ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. அரசின் நிலையும் கல்லில் செதுக்கியதன்று. ஐ.நா. பொதுச்சபையில் 1959-லும் 1961-லும் திபெத் தீர்மானங்களில் வாக்களிக்காமல் ஒதுங்கிய இந்தியா, 1965-ல் ஆதரித்து வாக்களித்தது. இடையில் போர் நடந்தது. நாட்டுக்குள் ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்த பொதுக்கருத்தும் இருந்தது.

இரண்டாம் மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வருவது, அதனாலேயே கனமானது. ஈழத்துக்கே நீதி கிடைக்கவில்லை, திபெத் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பூந்தமல்லியைவிடப் பொருத்தமான இடத்தில் பதில் சொல்ல முடியாது. ஈழத் தமிழர்களை அடைத்து வைத்த சிறப்பு முகாம் இயங்கியது இங்கேதான். அதன் சட்ட அடிப்படை 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம். 2019-ல் சென்னைத் திபெத்திய மாணவர்களின் தலைக்கு மேல் தொங்கியதும் அதே சட்டம்தான். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால் இரு சாராருமே உரிமையால் வாழாமல் அரசின் தயவில் வாழ்கிறார்கள். ஜெனிவாவைப் பார்த்தாலும் இழை ஒன்றாகவே ஓடுகிறது. 2009 மே 27 அன்று, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த சில நாள்களில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் சீனா ஆதரித்தது, இந்தியாவும் ஆதரித்தது. 2012-ல் இலங்கையைப் பொறுப்புக்கூறக் கேட்ட தீர்மானத்தை இந்தியா ஆதரித்தபோதும் சீனா எதிர்த்தது. ஓர் அரசு தன் எல்லைக்குள் செய்வதை எவரும் கேட்கக் கூடாது என்ற கோட்பாடு திபெத்தையும் ஈழத்தையும் ஒரே கதவால் அடைக்கிறது. ஈழத்துக்காகப் பேசுகிறவர் திபெத்துக்காகப் பேசும்போது தன் வாதத்தையே உறுதிப்படுத்துகிறார்.

ஈழ ஆதரவு இன்னொன்றையும் கற்றுத் தந்தது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர் சிலர் தொடங்கிய உண்ணாநிலை சில நாளில் மாநிலம் முழுதும் பரவியது. கட்சி கூட்டிய கூட்டமாக அது தொடங்கவில்லை. அந்தந்த ஊர் மாணவர்கள் அந்தந்த ஊரில் அமர்ந்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, அதே நகரத்தில் படித்த திபெத்திய மாணவர்களுக்கு அந்த வேர் இல்லை. கருத்தில் குறை இருக்கவில்லை, அவர்களைத் தம் ஊரார் என்று உரிமை கொண்டாட ஆள் இருக்கவில்லை.

சுதந்திரமா தன்னாட்சியா என்பதில் திபெத்தியரே ஒன்றுபடவில்லையே என்பது மூன்றாம் மறுப்பு. உண்மைதான். 1988-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தலாய் லாமா முன்வைத்த யோசனை முழு விடுதலையைக் கேட்கவில்லை. 1970-ல் தோன்றிய திபெத்திய இளைஞர் காங்கிரஸ் முழு விடுதலையையே கேட்கிறது. தமிழ்நாட்டுக் கூட்டம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை திபெத்தியருடையது என்று சொன்னால் போதும். பேசுவதற்கு வேறு ஏராளம் இருக்கிறது. 1995 மே மாதம் தலாய் லாமாவால் பஞ்சன் லாமாவாக அறிவிக்கப்பட்ட ஆறு வயதுச் சிறுவன் கெதுன் சோக்கி நியிமா மூன்றே நாளில் காணாமல் போனான். இன்றுவரை வெளியுலகம் அவனைப் பார்க்கவில்லை. 2009 முதல் 150-க்கும் மேற்பட்ட திபெத்தியர் தீக்குளித்திருக்கிறார்கள். தமிழகமும் அதே ஆண்டு ஈழத்துக்காகத் தீக்குளித்த முத்துக்குமாரை இழந்தது. அந்த வழியை எந்த மேடையும் போற்றக் கூடாது, அந்தத் துயரத்தை மறைக்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விடத் தமிழர் காதில் சட்டென விழக்கூடியது மொழி. சுமார் பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் அரசின் உறைவிடப் பள்ளிகளில் பெற்றோரைப் பிரிந்து, பெரும்பாலும் சீன மொழியில் படிக்கிறார்கள் என்று 2023 பிப்ரவரியில் ஐ.நா. வல்லுநர்கள் எச்சரித்தார்கள். தாஷி வாங்சுக் என்ற கடைக்காரர் தம் ஊர்ப் பள்ளியில் திபெத்திய மொழி சொல்லித் தரப்படவில்லை என்று ஓர் அமெரிக்க நாளிதழின் காணொளியில் பேசினார். 2016 ஜனவரியில் கைதானார், பிரிவினையைத் தூண்டியதாக ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அறிந்த மண்ணில் இந்தச் செய்திக்கு விளக்கவுரை வேண்டாம். திபெத்தியருக்கு நாம் பட்ட கடன் ஒன்றும் உண்டு. காஞ்சியைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் தர்க்க ஆசான் திக்நாகரின் பிரமாணசமுச்சயம் வடமொழி மூலத்தில் முழுமையாகக் கிடைக்காமல் போனபோது, அதை மொழிபெயர்ப்பில் காத்து வைத்திருந்தவர்கள் திபெத்தியர். மணிமேகலையின் தர்க்கக் காதையைத் திக்நாகர் மரபோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் அந்தத் திபெத்திய ஏடுகளுக்குக் கடன்பட்டவர்கள்.

சென்னீர்குப்பம் ஏன் என்பதற்கு வருகிறேன். கிண்டியிலும் மாமல்லபுரத்திலும் பாதுகாப்பு வளையம் காரணமாகச் சொல்லப்படும். பூந்தமல்லி-ஆவடி சாலையோரம் அந்தக் காரணம் எடுபடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 1960-களிலிருந்து வளர்த்த வாயிற்கூட்ட மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. துண்டறிக்கை அச்சிடவும், ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்கவும், ஐம்பது நாற்காலி வாடகைக்கு எடுக்கவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கிராம சபையில் தீர்மானம் போடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது உள்ளாட்சி அலுவலுக்கான அவை, அதில் இதைக் கொண்டுபோய் முடக்குவதைவிடத் தனிக்கூட்டமே நேர்மையானது. மண்டபத்தில் தொடங்கி, தெருமுனைக்கு வந்து, ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று நடப்பதாக அது நிலைக்க வேண்டும். திபெத்திய மாணவர் விருந்தினராக வந்து பேசலாம், பேசாமல் அமர்ந்திருக்கலாம். அவர் பெயரையோ படத்தையோ சுவரொட்டியில் போட்டு அவரை ஆபத்தில் தள்ளக் கூடாது.

பூந்தமல்லி காவல் நிலையம் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. சில நாள் முன்னதாகவே விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, தேவைப்பட்டால் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் சென்னீர்குப்பத்தின் வாக்காளர்கள்.