முல்லோயாவில் துப்பறிவாளனுக்கு என்ன வேலை?

துப்பறியும் கதையென்றாலே முகஞ்சுளிப்பது நம் போன்றோரின் பழக்கம். ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கித் தமிழுக்குக் கொணர்ந்த நாள் தொட்டு, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் வீடு வீடாக நுழைந்த காலம் தொட்டு, இவையெல்லாம் பொழுதைக் கொல்லும் சரக்கு என்றே ஒதுக்கி வந்திருக்கின்றோம். அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் பெற்றுக்கொள்ள நாம் முன்வரவில்லை. ஆயினும், இந்த நூற்றாண்டில் தொலைக்காட்சி வழியே உலகெங்கும் பரவிய ஒரு புதுவகைத் துப்பறியும் நாடகம் நம்மைச் சற்று நின்று சிந்திக்க வைக்கின்றது. கெலிஓயாக் கடைவீதியில் மாலை வேளையில் கம்பளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இளைஞரின் கைபேசியிலும் அது ஓடிக்கொண்டிருக்கக் காண்கின்றோம். மக்கள் விரும்பிப் பார்க்கும் ஒன்றின் உள்ளே என்ன இருக்கின்றது என்று பாராமலே ஒதுக்குவது விமர்சனமாகாது.

கதையின் அமைப்பு எளியது. இன்றைய துப்பறியும் அதிகாரி ஒருவன் விபத்தில் அடிபட்டு வீழ்கின்றான். கண் விழிக்கும்போது முப்பது ஆண்டுகள் பின்னால் இருக்கின்றான். அதே நகரம், அதே பொலிஸ் உத்தியோகம்; காலம் மட்டும் வேறு. 2006 ஜனவரியில் பிரித்தானியாவின் பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய ‘லைஃப் ஆன் மார்ஸ்’ என்னும் தொடரே இவ்வகைக்குப் பெயர் தேடித் தந்தது. மான்செஸ்டர் நகரத்து அதிகாரியான சாம் டைலர் 1973-ஆம் ஆண்டில் போய் விழுகின்றான். அங்கே அவனுக்கு மேலதிகாரியாக வாய்த்தவன் ஜீன் ஹண்ட்; சந்தேகப்பட்டவனை அடித்துப் பேசவைப்பவன்; சான்று கிடைக்காவிடின் தானே சான்றை உண்டாக்கி வைப்பவன். இவ்விருவருக்கும் நடக்கும் போராட்டமே பதினாறு பகுதிகளிலும் நிகழ்வது. அதைத் தொடர்ந்து 2008 முதல் 2010 வரை வந்த ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ தொடரில் ஒரு பெண் அதிகாரி 2008-இலிருந்து 1981-க்குப் போகின்றாள்.

பிற நாடுகள் இக்கதையை எடுத்துத் தத்தம் இறந்த காலத்துக்குத் திருத்திக்கொண்டன. எந்த நாடு எந்த ஆண்டைத் தேர்ந்தது என்று பார்ப்பதே ஒரு சரித்திர பாடம். ஸ்பெயின் நாட்டுத் துப்பறிவாளன் 1977-க்குப் போகின்றான். சர்வாதிகாரி பிராங்கோ மறைந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த வேளை அது. ருஷ்யத் துப்பறிவாளன் பிரெஷ்னேவ் காலத்து 1979-க்குப் போகின்றான். செக் நாட்டவன் 1982-க்கு. தென்கொரியன் 1988-க்கு, அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்நாட்டு மக்கள் வீதியில் இறங்கி இராணுவ ஆட்சியிடமிருந்து நேரடித் தேர்தலைப் பறித்தெடுத்திருந்தனர். அரசின் கை மக்களின் கழுத்தில் அழுந்தியிருந்த காலத்தை, அல்லது அக்கை தளர்ந்தும் தளராமலும் இருந்த காலத்தைத் தேடியே இவர்கள் செல்கின்றனர். இது தற்செயலாக நேர்ந்ததென்று நாம் கருதவில்லை. கொலைகாரனைப் பிடிப்பது இக்கதைகளுக்குச் சாக்கு. விசாரணைக்கு நிறுத்தப்படுவது பழைய பொலிஸ் நிலையமே.

இங்கிலாந்துக்கு 1973 ஏன் உறுத்துகின்றது? 1972-இல் இலண்டனில் நடந்த ஒரு கொலைக்காக மூன்று இளைஞர்கள் பிடிக்கப்பட்டனர். ஒருவனுக்கு வயது 14. வழக்கறிஞரின் துணையின்றி, அடைத்த அறைக்குள் அவர்களிடம் பெற்ற ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியாயிற்று. கொன்ஃபேட் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் விதிக்கப்பட்ட தண்டனைகள் 1975-இல் தள்ளுபடியாயின. பின்னர் விசாரணையும், அரச ஆணைக்குழுவும், முடிவில் 1984-ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டமும் வந்தன. பொலிஸ் விசாரணையைப் பதிவு செய்யவேண்டும், பிடிபட்டவனுக்கு வழக்கறிஞர் வேண்டும் என்ற விதிகள் அதன் பின்னரே உறுதிப்பட்டன. சாம் டைலர் 1973-க்குக் கொண்டு செல்வது அறிவு மட்டுமன்று. நிரபராதிகள் சிறையிருந்து வாங்கிக் கொடுத்த சட்டத்தையும் அவன் உடன் கொண்டுபோகின்றான். நாடகம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லியிருக்கலாம்.

கொரியாவின் கதை இன்னும் கொடியது. 2016-இல் அங்கே ஒளிபரப்பான ‘சிக்னல்’ என்னும் தொடரில் எவரும் காலத்தைக் கடந்து செல்வதில்லை. ஒரு பழைய வானொலிக் கருவி வழியாக இறந்த காலத்துப் பொலிஸ்காரன் இன்றைய பொலிஸ்காரனுடன் பேசுகின்றான். 2024-இல் இந்தியில் ‘க்யாரா க்யாரா’ என்று வந்தது இதன் தழுவலே. ‘சிக்னலின்’ அடியில் கிடப்பது 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம். நாடகம் வந்தபோது கொலைகாரன் இன்னானென்று நாடு அறியாது. 2019-இல் மரபணுச் சோதனை அவனைக் காட்டிக் கொடுத்தது. வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே சிறையில் இருந்தான். அப்பொழுது வெளிப்பட்ட மற்றோர் உண்மையைக் கவனியுங்கள். அக்கொலைகளுள் ஒன்றுக்காக, கால் ஊனமுற்ற ஓர் ஏழைத் தொழிலாளியைப் பொலிஸார் 1989-இல் பிடித்துத் தூங்கவிடாது வருத்தி ஒப்புக்கொள்ள வைத்திருந்தனர். இருபது ஆண்டுகள் சிறையில் கிடந்த அவர் நிரபராதி என்று நீதிமன்றம் 2020-இல்தான் தீர்ப்பளித்தது. நாடகக்காரர்கள் தேடியது தப்பிப் போன குற்றவாளியை. சிறையிலே இருந்தவனோ குற்றமற்றவன்.

இனி நம் மலைக்கு வருவோம். நம் நாட்டுத் துப்பறிவாளன் ஒருவன் கெலிஓயாப் பாலத்தருகே அடிபட்டு விழுந்து பழங்காலத்தில் கண் விழிக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆண்டில் விழிப்பான்?

1865-இல் விழித்தானாயின், தன் உத்தியோகமே அப்பொழுதுதான் பிறந்திருப்பதைக் காண்பான். இலங்கைப் பொலிஸ் கட்டளைச் சட்டம் அவ்வாண்டின் 16-ஆம் இலக்கச் சட்டம். அதே ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் யாது? சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். தோட்டத்தை விட்டு முன்னறிவித்தலின்றி வெளியேறும் தொழிலாளியைக் குற்றவாளியென்று சிறைக்கு அனுப்ப வழி செய்தது அது. பொலிஸ் படையும், ‘ஓடிப்போன கூலி’ என்னும் குற்றமும் ஒரே ஆண்டில் ஏட்டில் ஏறியதை நம் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். நம் துப்பறிவாளன் தன் விஞ்ஞான அறிவையெல்லாம் கொண்டு அங்கே யாரைத் தேடிப் பிடிப்பான்? நில்லம்பைக் காட்டு வழியாக இரவோடிரவாகப் பிள்ளையைத் தோளில் சுமந்து ஓடும் ஒரு குடும்பத்தையே பிடித்து வரும்படி அவனுக்குக் கட்டளை கிடைத்திருக்கும். தடயம் துலக்கும் திறமை மிகுந்தால் அவர்கள் சீக்கிரம் அகப்படுவர், அவ்வளவே.

காலம் கடக்கும் துப்பறிவாளன் இடறுவது இங்கேதான். கொலை எக்காலத்திலும் கொலை என்னும் எண்ணத்தில் அந்நாடகங்கள் நடக்கின்றன. குற்றம் எதுவென்று வரையறுத்தவர் எவர், அவர் எந்த வர்க்கத்தவர் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

1940-இல் விழித்தானாயின்? கெலிஓயாவிலிருந்து தென்கிழக்கே நோக்கினால் நில்லம்பை, கலகா, தெல்தோட்டை என்று மலைகள் அடுக்கடுக்காகப் போகின்றன. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர அந்தத் திசையில்தான். அதற்குமப்பால் ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டம். அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்ட கூலி உயர்வு 16 சதம். 1940 ஜனவரி 10-ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா வழக்கறிஞராகத் தோன்றினார்.

இச்சம்பவத்தில் துலக்கவேண்டிய மர்மம் என்ன இருந்தது? சுட்டவர் எந்த உடையில் நின்றார் என்பது பட்டப்பகல் போல் தெரிந்த செய்தி. கைரேகை வேண்டியதில்லை, மரபணு வேண்டியதில்லை. 2026-இலிருந்து ஒருவன் போய் இறங்கி அறிவிக்கவேண்டியது எதுவும் அங்கில்லை. லயத்து வாசலில் நின்ற ஒவ்வொரு பெண்ணும் சாட்சி. அவள் சொல்லுக்கு எடை உண்டா என்பதே கேள்வி.

பின்னே நடந்ததையும் பாருங்கள். வேலைநிறுத்தத் தொழிலாளர்மீது போடப்பட்ட வழக்குகளை ஆணைக்குழு முடியும் வரை ஒத்திவைக்க முயலுமாறு உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபருக்குச் சொன்னார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் இணங்கவில்லை. ஆளுநர் சேர் ஆண்ட்ரூ கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி துறந்தனர்; சமரசம் ஏற்பட்டதும் மீண்டனர். அரசியல் சரித்திர நூல்களில் முல்லோயா இடம்பெறுவது பெரும்பாலும் இந்தப் பிணக்கின் பெயராலேயே. அமைச்சருக்கும் ஆளுநருக்கும் எவருடைய அதிகாரம் பெரிதென்ற வழக்கில் கோவிந்தன் ஓர் அடிக்குறிப்பானார். அவ்வாண்டு ஜூன் மாதம் கொல்வின் முதலிய சமசமாஜத் தலைவர்களே கைது செய்யப்பட்டனர். கண்டி போகம்பரைச் சிறையில் வைக்கப்பட்ட அவர்கள் 1942 ஏப்ரலில் அங்கிருந்து தப்பினர்.

இதே கொல்வின் பின்னாளில் தோன்றிய மற்றொரு வழக்கை இதனருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகின்றது. கிரிக்கெட் வீரர் சதாசிவம்மீது சுமத்தப்பட்ட கொலை வழக்கு அது. சம்பவம் நடந்தது 1951-இல், விடுதலைத் தீர்ப்பு வந்தது 1953-இல். பிரேதத்தின் நிலையிலிருந்து மரண வேளையைக் கணிப்பதற்காக எடின்பரோவின் புகழ்பெற்ற சட்ட வைத்தியப் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித் சாட்சியமளித்தார். வேண்டுமென்றால் விஞ்ஞானம் கடல் கடந்தும் வரும். கொழும்புச் செல்வர் குடும்பத்து மரணம் நாட்டுக்கே புதிராயிற்று. அதற்கு நிபுணர் கிடைத்தார். தோட்டத் தொழிலாளியின் மரணம் எவருக்கும் புதிராக இருக்கவில்லை.

இந்நாடகங்கள் நமக்கூட்டும் மற்றொரு பிரமையும் உண்டு. இறந்த காலம் முரட்டுத்தனமானது, நிகழ்காலம் நாகரிகமானது, ஆகவே இன்றைய அதிகாரியே அன்றைய அதிகாரிக்கு ஆசான் என்பது அவற்றின் அடிப்படை எண்ணம். இங்கிலாந்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். இங்கே எண்ணிப் பாருங்கள். 1895-ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25-ஆம் பிரிவில், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று தடுத்தது. வெள்ளையர் ஆட்சி எழுதிய சட்டம் அது. தம் பொலிஸ் எப்படி விசாரிக்கும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர் போலும். 1971 கிளர்ச்சிக்குப் பின் சிங்கள இளைஞரை விசாரிக்க 1972-இல் இயற்றிய குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டத்தில் அத்தடை முதலில் தளர்ந்தது. 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரி பெற்ற வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே ஏற்றியது. இந்தியாவில் 1987-இன் தடா சட்டமும் 2002-இன் பொடா சட்டமும் இதே வழியில் சென்றன.

ஆகவே நம் நாட்டில் இந்நாடகத்தை எடுப்பவர் எவரேனும் இருப்பின், அவர் திசையை மாற்றி எடுக்கவேண்டும். 1895-இன் அதிகாரி ஒருவனை 1993-க்கு அனுப்பவேண்டும். அவ்வாண்டு கைது செய்யப்பட்ட ஒரு தமிழ் இளைஞர், சிங்களத்தில் தட்டச்சிட்ட வாக்குமூலம் ஒன்றில் பெருவிரல் அடையாளமிட வைக்கப்பட்டார். அவருக்குச் சிங்களம் தெரியாது. அத்தாளைக் கொண்டே அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தனர். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. 2004-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லையென்று கண்டது. நம் உயர்நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது 2006-இல். சாம் டைலர் 1973-ஐச் சீர்திருத்தப் புறப்பட்ட அதே ஆண்டு.

கெலிஓயாவிலிருந்து தவுலகல வீதியிற் சென்றால் லங்காதிலக விகாரையை அடையலாம். 1344-இல், நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், விகாரைக்கு விட்ட நிலங்களைப் பற்றிய சாசனத்தை அங்கே கற்பாறையில் வெட்டி வைத்திருக்கின்றார்கள். சிங்களத்தில் வெட்டியது போதாதென்று தமிழிலும் வெட்டியிருக்கின்றார்கள். 1895-இன் அதிகாரி அந்த விசாரணை அறைக்குள் நுழைந்தால், அடிபட்ட காயத்தைப் பார்க்கும் முன்பே மேசைமேலிருக்கும் தாளை எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கின்றது என்று இளைஞரைப் படிக்கச் சொல்வான்.