வாட் கணக்கும் வெளிச்சக் கணக்கும்

ஜவ்வாது மலைன்னா காவலூர் தொலைநோக்கி பல பேருக்கு ஞாபகம் வரும். அது சும்மா அங்கே போய் உட்காரலை. 1960களில் வைனு பாப்பு தென்னிந்தியாவில் இடம் இடமாக வானத்தைச் சோதித்துப் பார்த்தார். அப்புறம்தான் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி காவலூர் வந்தது. முதலில் அளவு, பிறகு கருவி.

பகல் வானத்துக்கு இதே வேலையைச் செய்தவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படிச்சவர். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, வெயிலை அளக்கும் நிலையங்களை வானிலைத் துறைக்காக அமைத்தார். 1980இல் அந்த அளவுகள் கையேடாக வந்தன. இந்தியாவில் சோலார் போடுற எல்லாருக்கும் அவங்க பாட்டி முறை :-)

சரி, வெயிலை அளந்தாச்சு. வீட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு?

சோலார் பேனல் முதுகில் ஒட்டியிருக்கிற வாட், ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரியில் எடுத்தது. நம்ம மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரி வரை கொதிக்கும். டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம்னு வெச்சாலும் 14 சதவீதம் காலி. அப்புறம் தூசி, ஒயர், இன்வெர்ட்டர்... வெயில் கணக்குப்படி 5 யூனிட் வரவேண்டிய இடத்தில் 3.75 கிடைச்சா விகிதம் 75 சதவீதம். பாஸ் மார்க்தான். இதை எப்படி அளக்கணும்னு 1998இல் ஐ.ஈ.சி. 61724 என்று ஒரு சர்வதேசத் தரமே வந்தது.

ஆனா பேட்டரி வந்ததும் இந்த மார்க் ஏமாத்தும். மத்தியானமே பேட்டரி நிறைஞ்சா மிச்ச வெயில் வீண். விகிதம் குறையும், ஆனா ராத்திரி விளக்கு நிம்மதியா எரியும். விகிதம் ரொம்ப அழகா இருந்தால்தான் சந்தேகப்படணும். பேட்டரி ஒரு நாளும் நிறையாமல் அரைப் பட்டினி கிடக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். பட்டினி கிடக்கிற லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும்.

பீகாரில் தர்னை கிராமம். 2014 ஜூலையில் 100 கிலோவாட் சோலார், பேட்டரியோடு, சுமார் 450 வீடுகளுக்கு. திறப்பு விழாவெல்லாம் பிரமாதம். ஜனங்க டிவி, ஃப்ரிட்ஜ்னு போட்டாங்க, பேட்டரி தாங்கலை. வழக்கமான கரண்டும் ஊருக்கு வந்துவிட்டது. சில வருஷத்தில் பேட்டரி போச்சு, மாற்ற ஆளில்லை. பேனலில் வந்து விழுந்த வெயில் மட்டும் குறையவே இல்லை.

அதனால மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ சோலார் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டா, "எத்தனை கிலோவாட்?"னு கேட்காதீங்க. "மூணாவது வருஷ ஐப்பசி மழையில் ராத்திரி எத்தனை மணி வரை விளக்கு எரிஞ்சது?"னு கேளுங்க. அதுக்கு ஒரு நோட்டும், தினமும் எழுத ஒரு ஆளும் போதும். நோட்டு இருக்கிற ஊரில் பேட்டரி சாகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.