பிரான்ஸுக்குச் சம்பந்தமில்லாத 'பிரெஞ்ச் டிரெயின்'

பி பிளாக் சுவரை ஒட்டிச் செடிப் பாத்தி போடலாமா என்று போன பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். மிக்ஜாம் புயலின்போது கசிந்து, பேஸ்மென்ட்டில் மூன்று நாள் மோட்டார் வைத்து இறைத்தோமே, அதே சுவர்தான். "பிரெஞ்ச் டிரெயின் போட்டால் சரியாகிவிடும்" என்றார் ஒருவர். ஏதோ பிரான்ஸ் நாட்டு முறை என்று நினைத்துக்கொண்டேன். ரிடையர் ஆனவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடிப் படித்தேன். பிரெஞ்ச் என்பது ஒரு மனிதரின் பெயர்!

ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச், 1813-ல் பிறந்த அமெரிக்கர். எஞ்சினியர் அல்ல, வக்கீல், நீதிபதியாகவும் இருந்தவர். வாஷிங்டன் லிங்கன் நினைவகத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலையை உருவாக்கிய டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் இவருடைய மகன். மகன் பெயர் பீடத்தில் நிற்கிறது, அப்பா பெயர் பள்ளத்தில் கிடக்கிறது.

1859-ல் அவர் வயல் வடிகால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வடிகாலைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1830-களிலேயே நியூயார்க் மாநிலத்தில் ஜான் ஜான்ஸ்டன் என்ற விவசாயி, தன் ஈர வயலில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்தார். சட்டி பானையைப் புதைக்கிறான் என்று ஊரே சிரித்ததாம். பிரெஞ்ச் அந்த முறையை எல்லோருக்கும் புரியும்படி எழுதினார், பெயர் ஒட்டிக்கொண்டது.

நமக்கு வேண்டியது அதில் வரும் நிலவறை அத்தியாயம். அந்தப் பக்கத்து வீடுகளில் ஆப்பிள், உருளைக்கிழங்கு சேமிக்க அடியில் நிலவறை இருக்கும். அதில் தண்ணீர் ஊறினால் சிமென்ட் பூசிப் பயனில்லை, தண்ணீர் போக வழி செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஊறிய மண்ணில் நீர்மட்டம் ஏற ஏறச் சுவர்மேல் அழுத்தமும் கூடும். நாம் உள்பக்கம் பூசிய வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டே மழையில் பொரிந்து விழுந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

அன்று கல்லும் களிமண் குழாயும். இன்று அஸ்திவார ஓரத்தில் பள்ளம் தோண்டி, ஓட்டையிட்ட பிவிசி குழாயைச் சரிவாக வைத்து, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, மண் புகாதபடி துணி சுற்றுகிறார்கள். ஆனால் குழாயின் மறுமுனை தாழ்வான ஓரிடத்தில் திறக்கவேண்டும். மேட்டில் கட்டிய வீட்டுக்கு அது சுலபம். நம் பேஸ்மென்ட் தரையோ தெரு மழைநீர் வடிகாலைவிடத் தாழ்வு. தனியாக ஒரு சம்ப், அதற்கு மோட்டார், கரன்ட் போனால் ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும்.

வந்திருக்கும் கொட்டேஷனில் மண், செடி, தினமும் இரண்டு வேளை சொட்டுநீர், 'டிரெயின்' என்று ஒரு வரி. தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பது இல்லை. பற்று எழுதி வரவு எழுதாத பேரேட்டை எங்கள் மேனேஜர் முகத்திலேயே வீசியிருப்பார்.

எனக்கும் செடி பிடிக்கும். பாத்தியைக் காம்பவுண்ட் சுவர்ப் பக்கம் தள்ளிவிடலாம். கட்டடத்தை ஒட்டிய தரையைப் 10 அடிக்கு 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரியும்படி மண் கெட்டித்துத் தளம் போடலாம். வாக்கெடுப்பு வரும் ஞாயிறு. கையைத் தூக்குமுன் அந்த மறுமுனை எங்கே என்று நீங்களும் கேளுங்கள்.