ஸ்னோபால் எட்ஜ்: கட்டளைவரி நிர்வாகம்

அமேசான் வெப் சர்வீசஸ் 2016-இல் அறிமுகப்படுத்திய ஸ்னோபால் எட்ஜ், பெருந்தரவை இணையத்துக்குப் பதில் கூரியரில் அனுப்ப உதவும் பெட்டி. 80 டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஏற்றினால், வேகம் சற்றும் குறையாவிட்டாலும், 74 நாள் பிடிக்கும். பெட்டியின் பூட்டைத் திறக்க மேனிஃபெஸ்ட் கோப்பும் 29 குறிகள் கொண்ட திறவுக்குறியும் வேண்டும். இரண்டையும் கொடுத்து ‘அன்லாக்-டிவைஸ்’ கட்டளையை இட்ட பிறகே தரவை ஏற்ற முடியும்.

2020-இல் ஆப்ஸ்ஹப் என்ற வரைகலைச் செயலி வந்துவிட்டதே, கட்டளைவரி எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு பெட்டிக்கு அக்கேள்வி நியாயமே. பல பெட்டிகளில் லட்சக்கணக்கான கோப்புகளை ஏற்றுவோருக்கு அது பொருந்தாது. கட்டளைகளை ஸ்கிரிப்டாக எழுதி வைத்தால் அதே வேலையை அடுத்த பெட்டியிலும் பிசகாமல் செய்யலாம். எந்தக் கோப்பு தவறியது என்பதையும் பதிவேட்டில் பார்க்கலாம். தட்டச்சுப் பிழை நேரலாம் என்பது உண்மைதான். ஆனால் ஸ்கிரிப்டில் உள்ள பிழையை ஒருமுறை திருத்தினால் போதும். மவுஸ் சொடுக்கில் கைதவறுவது ஒவ்வொரு முறையும் நேரக்கூடியது.