ஊஞ்சலும் புல்லட்டும்

ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் வருமே, அதே ஒரகடம்தான். 2013 ஏப்ரலில் அங்கே ராயல் என்ஃபீல்டின் புதிய தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1955-லிருந்து புல்லட் தயாரித்துவந்த திருவொற்றியூர் தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள்!

ராயல் என்ஃபீல்டு, ஐஷர் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. 2013 கடைசியில் ஐஷர் பங்கு ஒன்றின் விலை சுமார் 5,000 ரூபாய். அடுத்த ஒரே வருடத்தில் சுமார் 15,000! (2020-ல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்துவிட்டார்கள். இன்றைய விலையோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.)

அந்தப் பங்கு அன்று உங்கள் கையில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். விலை ஏற ஏற, 'போதும், வித்துடு' என்று ஒரு கோடு உங்களை நச்சரித்திருக்கும். அதன் பெயர் ஆர்.எஸ்.ஐ.

யார் போட்ட கோடு அது? அமெரிக்காவின் வெல்லெஸ் வைல்டர். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். 1978-ல் அவர் எழுதிய புத்தகத்தில்தான் ஆர்.எஸ்.ஐ. பிறந்தது. கணக்கு ரொம்பச் சுலபம். 14 நாட்களில் சராசரி ஏற்றம் 3 ரூபாய், சராசரி இறக்கம் 1 ரூபாய் என்றால், மொத்த ஆட்டம் 4. அதில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு 75. அவ்வளவுதான்! 70-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், 30-க்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடுவதால் இந்த வகைக் கருவிகளுக்கு ஆசிலேட்டர் என்று பெயர்.

சரி, கோளாறு எங்கே? ஆர்.எஸ்.ஐ.க்கு 100 என்று கூரை உண்டு. விலைக்குக் கூரையே கிடையாது! 70-ஐப் பார்த்ததும் விற்றவர், 2017 செப்டம்பரில் அதே பங்கு 30,000-த்தைத் தாண்டியபோது கையைப் பிசைந்திருப்பார். 'அப்படியானால் விற்கவே கூடாதா?' என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில், அது 15,000-க்கும் கீழே விழுந்தது. சரியும் சந்தையில் 30-ஐப் பார்த்து அவசரமாக வாங்கியவருக்கும் இதே அடிதான்.

இதெல்லாம் வைல்டருக்குத் தெரியாதா? தெரியும். அதே புத்தகத்திலேயே ஏ.டி.எக்ஸ். என்ற இன்னொரு கருவியையும் கொடுத்தார். விலை ஒரே திசையில் எவ்வளவு பலமாக ஓடுகிறது என்று அளப்பது அது. ஊஞ்சல் ஆடுகிறதா, வண்டி ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார் மனுஷர். நாம்தான் 70, 30 இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

அடுத்த முறை கோட்டைப் பார்த்து விற்கக் கை பரபரத்தால், ஒரு நிமிஷம்... தொழிற்சாலை வாசலையும் எட்டிப் பாருங்கள். வண்டிக்கு இன்னும் ஆள் காத்திருக்கிறதா?